கையைத் தூக்குவதற்கு முன்: இயேசுவைப் பின்பற்றலாமா என்று யோசிப்பவர்கள் செய்யும் தவறுகள்

இயேசுவைப் பின்பற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களோடு உட்கார்ந்து, அவர் வாழ்க்கையைச் சொல்லும் பைபிள் பகுதியான சுவிசேஷம் படிப்பதைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். போதகரெல்லாம் இல்லை, வாரத்தில் ஒரு சாயங்காலம், அவ்வளவுதான். வருகிறவர்களில் பாதிப் பேர் நான் செய்த தவறுகளையே, ஏறக்குறைய நான் செய்த வரிசையிலேயே செய்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு பைபிளைத் திறந்து விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்வது மாதிரியானவற்றை இங்கே விட்டுவிடுகிறேன், அது சரியில்லை என்று செய்கிறவர்களுக்கே தெரியும்.

ஆதியாகமத்தில் ஆரம்பிப்பது

புத்தகம் என்றால் முதல் பக்கத்திலிருந்துதானே படிக்க வேண்டும் என்று உற்சாகமாகத் தொடங்கி, லேவியராகமத்தில் பலிகளுக்கும் தோல் வியாதிச் சட்டங்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, இயேசு என்ற பெயரை ஒருமுறைகூடப் பார்க்காமலேயே மூடிவைத்துவிடுகிறார்கள். முடிவு அவரைப் பற்றியது என்றால் அவரிடமிருந்து தொடங்குங்கள். மாற்கு 16 அதிகாரம்தான், நான்கு சுவிசேஷங்களில் சிறியது, நிதானமாகப் படித்தாலும் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். 8ஆம் அதிகாரத்தில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். என்னை யார் என்று சொல்லுகிறீர்கள் என்று அவர் கேட்க, சீஷர்களில் ஒருவரான பேதுரு ‘கிறிஸ்து’ என்று சரியான பதிலைச் சொல்கிறார். நாலு வசனம் தாண்டுவதற்குள் அதே பேதுருவுக்கு ‘சாத்தானே’ என்று திட்டு விழுகிறது. வாய் சரியாகச் சொல்லிவிட்டது, பாடுபட்டுச் சாகிற ஒரு கிறிஸ்துவை மனம் ஒப்புக்கொள்ளவில்லை.

முடிவெடுக்கும் முன்பே அறிவித்துவிடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான்.

எனக்கு 23 வயது. ஒரு ராத்திரிக் கூட்டம், பாட்டு மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறது, அழுகை வந்தது, இயேசுவைப் பின்பற்றத் தீர்மானித்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றபோது கையைத் தூக்கினேன். அந்த அழுகையைப் பொய் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு மாற்குவில் ஒரு அதிகாரம்கூட முழுசாகப் படித்திருக்கவில்லை, யாரைப் பின்பற்றப் போகிறேன் என்றே தெரியாது. இரண்டு வாரத்தில் மைக்கைக் கையில் கொடுத்து, ‘தம்பி, சாட்சி சொல்லுங்க’ என்றார்கள், அதாவது இயேசு என் வாழ்க்கையை எப்படி மாற்றினார் என்று. சொன்னேன். கைதட்டினார்கள். அடுத்த கூட்டத்துக்கும் கூப்பிட்டார்கள். சாட்சி என்றால் முன்வாழ்க்கை கொஞ்சம் இருட்டாக இருந்தால்தான் எடுபடும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எந்த இடத்தில் சபை மூச்சைப் பிடித்துக்கொள்கிறது என்பது மேடையில் நிற்பவனுக்குத் தெரிந்துவிடும். முதல் முறை ‘கெட்ட சிநேகிதர்கள்’ என்றேன். இரண்டாவது முறை அதில் குடி சேர்ந்தது. மூன்றாவது முறை குடிக்கு அடிமையாகவே இருந்தேன். அன்றைக்குப் பார்த்து என் அக்கா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “நீ எப்படா குடிச்ச?”

அதற்கப்புறம் இயேசுவைப் பற்றி நான் என்ன சொன்னாலும் அவள் காதில் ஏறவில்லை. இத்தனை வருடம் ஆகியும் ஏறவில்லை. அந்த மைக்குக்கு நான் கொடுத்த விலை அது. இன்னொரு நஷ்டமும் உண்டு. சந்தேகங்கள் வர ஆரம்பித்தபோது யாரிடமும் கேட்க முடியவில்லை, சாட்சி சொன்னவன் எப்படிச் சந்தேகம் கேட்பான்? எடுக்காத முடிவுக்கு வக்கீலாக ஒரு வருடம் வாதாடிவிட்டு, சத்தமில்லாமல் நழுவினேன். திரும்பி வந்து ஒரு பெரியவரோடு முதல் வசனத்திலிருந்து படிக்க உட்கார மூன்று வருடம் பிடித்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இயேசுவே இந்த அவசரத்துக்கு எதிரானவர். லூக்கா 14இல் பெரிய கூட்டம் அவர் பின்னால் வருகிறது. வேறு யாராக இருந்தாலும் தலையை எண்ணிச் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அவர் திரும்பி நின்று, கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்கிறார். இருபதாயிரம் பேரோடு வருகிறவனைப் பத்தாயிரம் பேரோடு எதிர்க்க முடியுமா என்று யோசிக்கிற ராஜாவையும் காட்டுகிறார். இரண்டு கதையிலும் அந்த ஆள் முதலில் செய்வது ஒன்றுதான், உட்காருகிறான்.

பழைய காலத்துத் திருச்சபையின் பெரிய ஆசிரியர்களில் ஒருவரான அகஸ்டினைப் பாருங்கள். 386இல் மிலான் நகரில் மனம் மாறினார், அங்கே பேச்சுக்கலை ஆசிரியர் உத்தியோகம். மறுநாளே வேலையைத் தூக்கி எறிந்து ஊரைக் கூட்டியிருக்கலாம். விடுமுறைக்குச் சில வாரமே இருந்ததால் அதுவரை பேசாமல் பாடம் நடத்திவிட்டு விலகினார், விளம்பரம் தேடுகிறான் என்று ஆகிவிடக் கூடாதே என்று. ஞானஸ்நானம் அடுத்த வருடம், 387 ஈஸ்டரின்போது.

அதனால் யாராவது உங்களை அவசரப்படுத்தினால், ‘இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். மைக்கைக் கொடுத்தால் வாங்காதீர்கள். தீர்மானித்த பிறகு ஊருக்கே சொல்லுங்கள், ஒளித்துவைக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை.

பேரம்

‘இந்த வேலை கிடைத்தால் வருகிறேன்.’ சரி, வேலை போனால்?

ஓரத்துக் கேள்வியில் வருடக்கணக்கில் நிற்பது

நோவாவின் பேழையில் இத்தனை மிருகங்கள் எப்படி அடங்கின என்று கேட்டே இரண்டு வருடம் ஓட்டியவர் ஒருவரை எனக்குத் தெரியும். கேட்கக் கூடாத கேள்வி இல்லை, ஆனால் எல்லாம் தொங்குவது அந்த ஆணியில் இல்லை. எந்த ஆணி என்று ஆதிச் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய அப்போஸ்தலன் பவுலே சொல்லிவிடுகிறார்: கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண். 1 கொரிந்தியர் 15. சிலுவைக்கு ஏறக்குறைய 25 வருடம் கழித்து எழுதிய கடிதம், உயிர்த்தவரை ஒரே நேரத்தில் ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் கண்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் இன்னும் இருக்கிறார்கள் என்கிறது, அதாவது வேண்டுமானால் போய்க் கேட்டுக்கொள். நம்புவதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. தோண்டுவதாக இருந்தால் அங்கே தோண்டுங்கள்.

கிறிஸ்தவர்களைப் பார்த்துக் கிறிஸ்துவை எடைபோடுவது

அக்கா என்னைப் பார்த்து எடைபோட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

சந்தேகம் முழுசாகத் தீரட்டும் என்று காத்திருப்பது

தீராது. மாற்கு 9இல் தன் பையனைக் குணமாக்கக் கேட்டு வந்த ஒரு தகப்பன், “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கதறுகிறான். ஒரே மூச்சில் இரண்டும். முதலில் அவிசுவாசத்தை முழுசாகத் தீர்த்துக்கொண்டு வா என்று அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பையன் குணமாகிறான். ஏற்கெனவே சொன்னதற்கு இது முரண் என்று தோன்றலாம். நான் உட்கார்ந்து கணக்குப் பார்க்கத்தான் சொன்னேன், அங்கேயே குடியிருக்கச் சொல்லவில்லை.

‘இல்லை’ என்று சொல்லப் பயப்படுவது

ஐசுவரியமுள்ள ஒருவன் ஓடி வந்து முழங்கால்படியிடுகிறான். இயேசு அவனைப் பார்த்து அன்புகூர்ந்தார் என்று எழுதிவிட்டு, மாற்கு அடுத்து எழுதுவது அவர் கேட்ட விலையை: உனக்கு உள்ளதையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்துவிட்டு என்னைப் பின்பற்றி வா. அவன் துக்கத்தோடே போய்விடுகிறான். அவர் பின்னால் ஓடவில்லை, விலையைக் குறைக்கவும் இல்லை. நம் ஆட்களுக்கு மட்டும் இது முடியாது, ஒருவர் தயங்கினாலே பாதி விலைக்குத் தர ஆரம்பித்துவிடுவோம்.

என்னோடு படித்த ஒருவர் நான்கு மாதம் கழித்து, “எனக்கு இது வேண்டாம்ணே, மன்னிக்கச் சொல்றார் பாருங்க, எங்க அப்பாவை என்னால முடியாது” என்று சொல்லிவிட்டுப் போனார். கையைத் தூக்கிய அன்றைய என்னைவிட அவர் ஒழுங்காகக் கேட்டிருக்கிறார். போன வாரம் போன் செய்தார். மாற்கு கடைசி அதிகாரத்தைத் திரும்பப் படித்தாராம். மிகப் பழைய கைப்பிரதிகளில் சுவிசேஷம் 16:8ஓடு, கல்லறையிலிருந்து ஸ்திரீகள் பயந்து ஓடி, ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் போகிற இடத்தில் முடிந்துவிடுகிறது என்று அடிக்குறிப்பில் பார்த்தாராம்.

“அப்புறம் யார்தான் வெளியில சொன்னாங்க?” என்று கேட்டார். வியாழக்கிழமை வருகிறார்.