களத்தில் ரேடியோ இணைப்பு அமைக்க: முதலில் ஆன்டெனா, அப்புறம்தான் சாவி

சிக்னல் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுத்தபோதெல்லாம் முதலில் வரும் கேள்வி, "எத்தனை பிட் மறையாக்கம்?" என்பதுதான். சரி, 256 பிட் ஏஇஎஸ் என்றே வைத்துக்கொள்வோம். அது நீங்கள் பேசுவதை மறைக்கும். பேசுகிறீர்கள் என்பதையும், எங்கிருந்து என்பதையும் மறைக்காது. எதிரியின் பீரங்கிக்கு அந்த இரண்டுமே போதும்.

அதனால் இடம் பார்ப்பதில் தொடங்குங்கள். காலாட்படையின் விஎச்எஃப் (மிக உயர் அலைவரிசை) செட் பெரும்பாலும் 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸுக்குள் இயங்கும். அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். தூரத்துக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஆன்டெனா உயரம் எத்தனை மீட்டரோ, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்குங்கள். 9 மீட்டர் கம்பத்துக்கு 12 கிலோமீட்டர் வரும். மறுமுனையிலும் அதே உயரம் என்றால் சுமார் 25. இது சமவெளிக் கணக்கு.

உடனே குன்றின் உச்சிக்கு ஏறத் தோன்றும். வேண்டாம். உச்சியில் நட்டால் எதிரிக்கும் நன்றாகக் கேட்கும். நம் ஆட்கள் பக்கம் பார்த்த சரிவில் நடுங்கள், குன்றே தடுப்பாக நிற்கட்டும். கட்டளை நிலையத்தைக் கேபிள் இழுத்துத் தள்ளி வையுங்கள். நடுவே மலை மறித்தால் ஒரு ரிலே (இடையில் நின்று சிக்னலை வாங்கி அனுப்பும் செட்), அல்லது எச்எஃப் (உயர் அலைவரிசை): 2 முதல் 10 மெகாஹெர்ட்ஸுக்குள், டைபோல் கம்பியை (நடுவிலிருந்து இரு பக்கமும் நீளும் ஆன்டெனா) தாழ்வாகக் கிடைமட்டமாகக் கட்டினால் அலை மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டு மலைக்கு அந்தப் பக்கமும் இறங்கும். இரவில் குறைந்த அலைவரிசைக்கு மாற மறக்காதீர்கள்.

பவர் குறைந்தபட்சத்தில் தொடங்கட்டும். கேட்கவில்லை என்றால் மட்டும் ஒரு படி ஏற்றுங்கள். முழுப் பவரில் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

இப்போது சாவி, அதாவது மறையாக்கத்தைப் பூட்டித் திறக்கும் ரகசிய எண். அமெரிக்க ராணுவத்தின் சின்கார்ஸ் போன்ற செட் நொடிக்கு நூறு தடவைக்கு மேல் அலைவரிசை தாவும். எல்லாச் செட்டிலும் சாவி, தாவும் பட்டியல், நேரம் மூன்றும் ஒத்திருக்க வேண்டும். ஒரு செட் மட்டும் ஊமையாக இருந்தால் முதலில் அதன் கடிகாரத்தைப் பாருங்கள். நேட்டோ படைகள் தகவல் பரிமாறும் லிங்க் 16 இணைப்பிலும் இதே கதைதான். அங்கே ஒரு நொடியை 128 கூறாகப் பிரித்துப் பகிர்கிறார்கள். நேரம் தரும் ஜிபிஎஸ் முடக்கப்பட்டால் அதை யாரிடமிருந்து வாங்குவது என்று முன்பே முடிவுசெய்யுங்கள். செட் தொலைந்தால் அந்த நிமிடமே சொல்லிவிட வேண்டும். அனைவருக்கும் புதுச் சாவி.

பேச வேண்டியதை எழுதிக்கொண்டு பொத்தானை அழுத்துங்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே வாசகத்தில் வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் அச்சுப் பிசகாத வானிலை அறிக்கைகள், அவர்களின் மறையாக்க இயந்திரமான எனிக்மாவை உடைக்க பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க் மையத்துக்குக் கைகொடுத்தன. இன்றைய மறையாக்கம் அப்படி உடையாது, ஆனால் நேர ஒழுங்கே உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக, நான்கு மாற்று வழிகளை வரிசையாக ஒரு அட்டையில் எழுதுங்கள். எப்போது அடுத்ததற்கு மாறுவது என்பதும் அதில் இருக்க வேண்டும்: இரண்டு அழைப்புக்குப் பதில் இல்லையென்றால் அடுத்த வழி. இல்லாவிட்டால் ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். நான்காவது வழி சீட்டோடு ஓடும் ஆளாக இருந்தால், அவர் போகும் பாதையையும் குறித்துவிடுங்கள்.