மலையிலிருந்து பிள்ளையை மனநலப் பிரிவுக்கு அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வரும் மருத்துவர்களும் செவிலியர்களும் திரும்பத் திரும்பச் சறுக்குவது ரெஃபரல் சீட்டில்தான்.

"நடத்தைக் கோளாறு, மேல்சிகிச்சைக்கு"

இந்த ஒற்றை வரிச் சீட்டைப் பார்த்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிள்ளை வாந்தியெடுக்க, சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்கிறார் தாய். ஓபி வரிசை நகர்ந்து உள்ளே போனால், "வகுப்புல எப்படி இருக்கான்? டீச்சர் என்ன சொன்னாங்க? காது பார்த்தீங்களா?" எதற்கும் பதில் இல்லை. "கேட்டு எழுதி வாங்கிட்டு அடுத்த வாரம் வாங்கம்மா." பல குடும்பங்கள் அந்த அடுத்த வாரம் வருவதே இல்லை.

மருத்துவர் வீம்புக்குக் கேட்கவில்லை. ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காமை, அதீதத் துறுதுறுப்பு சார்ந்த கோளாறு) என்று சொல்ல, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, 6 மாதமாவது நீடித்து, வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். வீட்டில் மட்டும் அடம்பிடிக்கிற பிள்ளையென்றால் வீட்டைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

எப்போது தொடங்கியது, எங்கெல்லாம் நடக்கிறது, தூக்கம், சாப்பாடு, வலிப்பு வந்ததுண்டா, வீட்டில் அண்மையில் சாவு, பிரிவு, குடித் தகராறு உண்டா என்று எழுதுங்கள். கொடுத்த மருந்தை அளவோடு குறியுங்கள். வகுப்பாசிரியரிடம் நாலு வரி எழுதி வாங்கிச் சீட்டோடு பின் அடியுங்கள். உங்கள் நிலையத்தின் போன் நம்பரும் இருக்கட்டும்; இல்லாவிட்டால் அங்கே சொன்ன யோசனை உங்களிடம் திரும்பாது.

காது பார்க்காமல் ஆட்டிசம் என்று எழுதுவது

பேச்சு வராத பிள்ளைக்கு முதலில் செவித்திறன் சோதனை. கூப்பிட்டால் திரும்புகிறானே என்பது சோதனை ஆகாது. காது கேட்காத பிள்ளை கதவு சாத்தும் அதிர்வுக்கும் திரும்பும், நிழலாடினாலும் திரும்பும்.

சாவைப் பற்றிக் கேட்கத் தயங்குவது

செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று பிள்ளையிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. "ஆமா" என்றால் சீட்டு மட்டும் போதாது. தனியே விடாமல், அன்றைக்கே துணைக்கு ஆளோடு அனுப்புங்கள். தோட்டத்துப் பூச்சிமருந்தை வீட்டை விட்டு அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் 14416, இரவிலும் எடுப்பார்கள்.

பிள்ளையைத் தனியே பேசவிடாதது

பத்து நிமிடம். அம்மா வெளியே.

அனுப்பியதோடு மறந்துவிடுவது

இரண்டு வாரத்தில் கிராம செவிலியரை விட்டு விசாரியுங்கள். போகவில்லையென்றால் கூலியா, பஸ்ஸா, ஊர்ப்பேச்சுக்குப் பயமா என்று திட்டாமல் கேட்டு, கூலி போகாத நாளாகப் பார்த்து மறுதேதி குறித்துக் கொடுங்கள்.