ஃபிராங்க்ளின், டக்ளஸ்ங்கிற ரெண்டு அமெரிக்கர்களோட சுயசரிதைகளையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிக்கிறது எப்படி?

நல்லவன்னா யாருன்னு தேடாதீங்க, அத எப்படி அளக்குறாங்கன்னு பாருங்க. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1771ல சுயசரிதைய ஆரம்பிச்சாரு, அதுல சின்ன நோட்டுல கட்டம் போட்டு தப்பு பண்ணா ஒரு கருப்புப் புள்ளி வைப்பாரு, மொத்தம் 13 நற்குணம், ஆனா முதல்ல 12தான், உனக்குத் தலக்கனம்னு குவேக்கர்ங்கிற கிறிஸ்தவப் பிரிவைச் சேந்த ஒரு நண்பர் சொன்னப்புறம்தான் பணிவு சேந்துச்சு (இந்த இடம் எனக்கு ரொம்பப் புடிக்கும்).

அடுத்து ஃபிரெடரிக் டக்ளஸ் 1845ல வெளியிட்ட சுயசரிதைய எடுங்க. அவர அடிமையா வச்சிருந்த முதலாளி 1832ல பக்திமானாகி இன்னும் கொடூரமாயிடுறாரு, பைபிள் வசனம் சொல்லிக்கிட்டே கால் ஊனமான பொண்ண சாட்டையால அடிக்கிறாரு.

இப்ப எழுதுங்க, யாரு யாருக்கு மார்க் போடுறாங்க? ஃபிராங்க்ளின் தனக்கே, டக்ளஸ் முதலாளிக்கு. ஃபிராங்க்ளினுக்கு அந்த 13ல ஒழுங்கு, அதாவது பொருளையும் வேலையையும் அதது இடத்துல, நேரத்துல வச்சுக்குறதுதான் கடைசிவரை வரல, அதையும் ஓரமா குறிச்சுக்கோங்க.