ஆப்டோகப்ளர் இணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப்டோகப்ளருக்குள் ஓர் எல்இடியும், அதன் ஒளியை உணரும் ஒரு ஃபோட்டோடிரான்சிஸ்டரும் இருக்கின்றன. ஒரு சுற்றிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தியை ஒளி கொண்டு செல்கிறது, இடையில் மின்தொடர்பு இல்லை. இந்தப் பிரிவுக்காகவே இதை வாங்கிவிட்டு, இரு பக்கத்துக் கிரவுண்டையும் ஒரே கம்பியால் சேர்த்துவிடுகிறவர்கள் பலர். அப்போதும் சுற்று வேலை செய்யும் என்பதால் தவறு வெளியே தெரிவதில்லை. கடைகளில் கிடைக்கும் ரிலே போர்டுகள் பலவற்றில் ஜேடி-விசிசி ஜம்பரை, அதாவது இரு பக்க மின்வழங்கியையும் சேர்க்கும் சிறு இணைப்பியை, கழற்றி, ரிலேவுக்குத் தனி மின்வழங்கி கொடுத்து, மைக்ரோகண்ட்ரோலரின் கிரவுண்டை அங்கே இணைக்காமல் விட்டால்தான் பிரிவு உண்மையாகும்.

இதைவிட நுட்பமான தவறு, மின்னோட்டப் பரிமாற்ற விகிதத்தைத் தவறாகக் கணக்கிடுவது. எல்இடியில் செலுத்தும் மின்னோட்டத்தில் எத்தனை விழுக்காடு மறுபக்கத்தில் கிடைக்கும் என்பதே இந்த விகிதம். பிசி817 என்ற ஆப்டோகப்ளரின் தரம் பிரிக்கப்படாத வகைக்கு, 5 மில்லிஆம்பியரில், இது 50 முதல் 600 விழுக்காடு வரை எங்கும் இருக்கலாம். கையில் உள்ள ஒரு சில்லை வைத்துச் சோதித்து, அதுவே எல்லாச் சில்லுகளுக்கும் பொருந்தும் என நம்பக்கூடாது. மிகக் குறைந்த மதிப்பையே எடுக்க வேண்டும். 5 மில்லிஆம்பியரில் பாதி, அதாவது 2.5 மில்லிஆம்பியர், கிடைக்கிறது என்று கொள்வோம். வெளியீட்டை 5 வோல்ட்டுடன் இணைக்கும் புல்-அப் மின்தடையாக 1 கிலோஓம் வைத்தால் அதைக் கீழே இழுக்க ஏறத்தாழ 5 மில்லிஆம்பியர் தேவை, அது நடக்காது. 4.7 கிலோஓம் வைத்தால் ஒரு மில்லிஆம்பியரே போதும். எஞ்சியிருப்பதை வீண் என்று எண்ண வேண்டாம்: தரவுத்தாளின் விகிதம் ஃபோட்டோடிரான்சிஸ்டரின் வெளியீட்டுக் காலான கலெக்டரில் 5 வோல்ட் இருக்கும்போது அளந்தது, வெளியீடு முழுதாகக் கீழே இழுக்கப்பட்ட நிலையில் அது குறையும், எல்இடியும் ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கும்.

ஆனால் புல்-அப் மதிப்பைக் கூட்டினால் வேகம் குறையும். விநாடிக்கு 1,15,200 பிட் செல்லும் தொடர் தரவு இணைப்பில் ஒரு பிட்டின் நீளம் 8.7 மைக்ரோவிநாடிதான், பிசி817 அந்த வேகத்தில் திணறும். அங்கே 6என்137 என்ற வேகமான ஆப்டோகப்ளர் பொருத்தமானது. அதன் மின்வழங்கிக் கால்களுக்கு மிக அருகில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வைக்க மறக்கக்கூடாது.

உள்ளீட்டு எல்இடி தாங்கும் எதிர்த்திசை மின்னழுத்தம் பிசி817-இல் 6 வோல்ட் மட்டுமே; மாறுதிசை மின்சாரத்தை உணரும் சுற்றில் எல்இடிக்கு எதிர்த்திசையில் 1என்4148 டையோடு ஒன்றை இணைக்க வேண்டும். பலகை வரையும்போதும் சில்லின் அடியில் செப்புத் தடம் எதையும் ஓட விடக்கூடாது.