பங்குனி ஆமை முட்டையைப் புரட்டாமல் எடுப்பது எப்படி?

ராமநாதபுரம் கரையில் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி எனும் கடலாமைகள்) முட்டையிட ஏறுவது பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் முட்டைக்குழி தேடும் இரவு ரோந்துக்கு வர விரும்புகிறவர்கள் முதலில் வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் இது. அனுமதியில்லாமல் முட்டையைத் தொட்டால், நல்ல எண்ணத்தோடு தொட்டிருந்தாலும் குற்றம்தான்.

பொழுது விடிவதற்குள் நடந்து முடித்துவிடுங்கள். விடிந்தபின் காற்று தடத்தை அழித்துவிடும், நாய்களும் முந்திக்கொள்ளும். சிவப்பு வெளிச்சம் மட்டும் போதும். எதிரே ஆமை ஏறி வந்தால் விளக்கை அணைத்து அப்படியே உட்கார்ந்துவிடுங்கள். முட்டையிடாமலே திரும்பிப் போகும் ஆமைகளில் பல, ஆள் அரவம் கேட்டுத்தான் திரும்புகின்றன.

தடம் கிடைத்தாலே குழி கிடைத்ததாகாது. துடுப்புகள் மணலைப் பின்னால் தள்ளுவதால், ஏறிய தடம் எது, இறங்கிய தடம் எது என்று தெரியும். இரண்டுக்கும் நடுவே ஈரமணல் சிதறி, மேடு கலைந்திருந்தால் அங்கே தேடுங்கள். கலையாமல் இருந்தால் அது வெறுந்தடம், முட்டையிடாமல் திரும்பிய ஆமையின் தடம். கம்பியால் குத்திப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்: ஒரு முட்டை உடைந்தாலும் எறும்பும் பூஞ்சையும் குழி முழுக்கப் பரவும். விரல் நுனியால் அழுத்திக்கொண்டே போங்கள். சுற்றிலும் மணல் இறுகியிருக்க, ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் பொதபொதவென உள்வாங்கும். அதுதான் குழியின் வாய்.

அலை எட்டாத இடமென்றால், காவல் இருக்குமானால், குழியை அப்படியே விட்டுவிடுவதே எங்கள் கருத்தில் நல்லது. மாற்றியே ஆக வேண்டுமென்றால், இட்ட சில மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும். அதற்குப் பிறகு கரு ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். முட்டை புரண்டால் அறுந்து செத்துவிடும். ஆகவே கையுறை போட்டு, மேலே இருந்த பக்கம் மேலேயே இருக்கும்படி ஒவ்வொன்றாக எடுங்கள். நூறுக்கு மேல் இருக்கும், அவசரப்படாதீர்கள். கூடையின் அடியில் அதே குழியின் ஈரமணலைப் பரப்புங்கள். பைக்கில் குலுங்க எடுத்துப்போகக் கூடாது.

எடுத்த முட்டைகளைக் காவலோடு புதைத்து வைக்கும் பொரிப்பகத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்கு, குடம்போல வாய் குறுகி அடி அகன்ற குழி; குழிக்குக் குழி ஒரு மீட்டர் இடைவெளி. தேதி, முட்டை எண்ணிக்கை எழுதிய பலகை நடுங்கள். 45 முதல் 60 நாளில் பொரிக்கும். 40-ஆம் நாளே கம்பிவலை வளையம் போட்டு, இரவில் மணிக்கொரு தரம் பாருங்கள். மணல் உள்வாங்கியிருந்தால் குஞ்சுகள் மேலேறத் தொடங்கிவிட்டன.

வெளிவந்தவற்றை வாளித் தண்ணீரில் போட்டு வைக்காதீர்கள், நீந்தியே சோர்ந்துபோகும். இருட்டு இருக்கும்போதே அலைக்குச் சில மீட்டர் முன்னால் ஈரமணலில் விடுங்கள், தானாக நடந்து போகட்டும். டார்ச்சும் செல்போன் வெளிச்சமும் அணைந்தே இருக்கட்டும். வெளிச்சம் எந்தப் பக்கமோ, குஞ்சும் அந்தப் பக்கமே திரும்பிவிடும்.