கேம் நடுவில் சிஸ்டம் அணைகிறதா? நான் தேடிக் கண்டுபிடித்த வழி

"மாமா, திரும்பவும் போச்சு."

போன கோடை விடுமுறையில் மூன்று வாரம், தினமும் சாயங்காலம் இதைக் கேட்டேன். லீவுக்கு வந்திருந்த அக்கா மகன் என் சிஸ்டத்தில் வாலரன்ட் விளையாடினால் மணிக்கணக்கில் ஓடும், ஒன்றும் ஆகாது. பெரிய ஓபன் வேர்ல்டு கேமைத் திறந்தால் பத்து இருபது நிமிடத்தில் திரை கறுத்து, சிஸ்டம் தானாக மறுபடி ஸ்டார்ட் ஆகும். விண்டோஸை இரண்டு தடவை புதிதாகப் போட்டேன். கடையில் காட்டியபோது கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்றார்கள். கார்டு நன்றாகத்தான் இருந்தது. கோளாறு ஒரு கேபிளில்.

அந்த மூன்று வாரம் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்று எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இது பொருந்தும்.

படி 1: எப்படி அணைகிறது என்று கவனியுங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வந்து நிற்கிறதென்றால் டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்), கேம் ஃபைல்கள், ரேம் ஆகியவற்றில் தேட வேண்டும். நீலத் திரை வந்தால் விண்டோஸே ஒரு குறியீடு கொடுக்கும். பிளக்கைப் பிடுங்கியதுபோல் சட்டென்று போனால் பெரும்பாலும் மின்சாரம், சில சமயம் சூடு. என்னுடையது இந்தக் கடைசி வகை. முதல் நாளே அதைக் கவனித்திருந்தால் விண்டோஸ் பக்கமே போயிருக்க மாட்டேன்.

ஒரு சிக்கல் உண்டு. நீலத் திரை வந்தவுடன் விண்டோஸ் தானாக ரீஸ்டார்ட் ஆகிவிட்டால், அதுவும் சட்டென்று அணைந்ததுபோலவே தெரியும். அதனால் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' போய், 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி' பகுதியில் 'ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்' என்பதில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

படி 2: ஈவென்ட் வியூவர்

ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் உள்ளே சிஸ்டம் பகுதிக்குப் போங்கள். அணைந்த நேரத்துக்குப் பக்கத்தில் 'கெர்னல் பவர் 41' என்று சிவப்புக் குறியோடு ஒரு வரி இருக்கும். பவர் என்ற சொல்லைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) போய்விட்டது என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். அது தவறு. சிஸ்டம் முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றுவிட்டது என்பதை மட்டும்தான் அந்த வரி சொல்கிறது.

அதன் 'டீடெய்ல்ஸ்' பகுதியில் 'பக்செக் கோட்' என்று ஓர் எண் இருக்கும். நமக்கு வேண்டியது அதுதான். 0 என்று இருந்தால், பிழையைக் குறித்துவைக்கக்கூட விண்டோஸுக்கு அவகாசம் கிடைக்கவில்லை என்று பொருள். வேறு எண் இருந்தால் அது சாதாரணப் பத்தடிமான எண். நீலத் திரைக் குறியீடுகள் எல்லாம் ஹெக்ஸ், அதாவது பதினாறடிமான எண்கள். விண்டோஸ் கால்குலேட்டரை புரோகிராமர் முறைக்கு மாற்றி, ஹெக்ஸாக்கிய பிறகு தேடுங்கள். 278 என்றால் ஹெக்ஸில் 116: கிராபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லாமல் நின்று, மீட்கவும் முடியவில்லை. 292 என்றால் ஹெக்ஸில் 124: வன்பொருள் பிழை. பழைய பதிவு ஒன்றிலிருந்த 278-ஐ அப்படியே தேடி ஒரு மாலை முழுக்க வீணாக்கினேன். அதற்குப் பிந்தைய பதிவுகள் எல்லாவற்றிலும் 0.

படி 3: சூடு

சூட்டைப் பார்க்க ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருள் போதும். இலவசம், ஒரு சென்சாரையும் விடாது. சென்சார் பக்கத்தில் பதிவு செய்யும் பட்டனை அழுத்திவிட்டு விளையாடுங்கள். சிஸ்டம் அணைந்த பிறகு அந்த ஃபைலின் கடைசி வரிகளைப் பாருங்கள்.

ரைசன் 5000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு உச்ச வரம்பு 90 டிகிரி, இன்டெலில் பலவற்றுக்கு 100. வரம்பைத் தொட்டவுடன் பிராசஸர் அணைந்துவிடாது, முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே கேம் திக்கித் திணறி, பிறகு அணைந்தால் சூட்டைச் சந்தேகியுங்கள். வழுக்கிக்கொண்டு ஓடும்போதே பொட்டென்று போனால் சூட்டை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். எனக்குக் கடைசி வரியில் பிராசஸர் 71, கார்டு 74. மே மாத வெயிலில் இது நல்ல கணக்கு.

படி 4: ரேம்

சுருக்கமாகச் சொல்கிறேன். பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டு அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை வேகமாக ஓட்டும் அமைப்பு, போட்டிருந்தால் அணைத்துவிட்டு இரண்டு நாள் விளையாடிப் பாருங்கள். கோளாறு நின்றால் அந்த வேகம் உங்கள் ரேமுக்கோ போர்டுக்கோ ஒத்துவரவில்லை. சந்தேகம் தீரவில்லை என்றால் இரவு மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனையை ஓடவிட்டுப் படுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அது பிழைதான். ஓவர்கிளாக் (வேகத்தைக் கூட்டுவது), அண்டர்வோல்ட் (மின்னழுத்தத்தைக் குறைப்பது) செய்திருந்தால் அவற்றையும் எடுத்துவிடுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

படி 5: மின்சாரம்

என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆர்டிஎக்ஸ் 3080, 320 வாட் கார்டு. எஸ்எம்பிஎஸ் 750 வாட். கணக்குப்படி தாராளம். அதனால்தான் இந்தப் பக்கம் கடைசியாக வந்தேன்.

முதலில் காசு செலவில்லாத ஒரு சோதனை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் 'பவர் லிமிட்' (கார்டு இழுக்கும் மின்சாரத்தின் வரம்பு, சதவீதத்தில்) 100 என்று இருப்பதை 70 ஆக்கி, அதே கேமை ஓட்டுங்கள். அணைவது நின்றுவிட்டால் கோளாறு மின்சாரம் வரும் வழியில் இருக்க வாய்ப்பு அதிகம். நான் குறைத்த அன்று அக்கா மகன் நான்கு மணி நேரம் விளையாடினான், ஒருமுறைகூட அணையவில்லை.

கார்டைச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளை நம்பாதீர்கள். அது ஒரே சீரான சுமையைக் கொடுக்கிறது. கேமில் கார்டு இழுக்கும் மின்சாரம் நொடிக்குள் பலமுறை ஏறி இறங்கும். அந்தத் திடீர் ஏற்றத்தில்தான் எஸ்எம்பிஎஸின் பாதுகாப்பு மின்சாரத்தைத் துண்டிக்கிறது. என் சிஸ்டம் ஃபர்மார்க்கில் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றது. ஓசிசிடி என்ற இன்னொரு சோதனை மென்பொருளில் சுமையை ஏற்றி இறக்கும் 3டி சோதனை இருக்கிறது, அதைப் போட்டதும் ஆறாவது நிமிடத்தில் போனது.

இனி கேபினெட்டைத் திறக்கலாம். எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்து, வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். உள்ளே கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

கார்டில் செருகியிருக்கும் 8 பின் தலைகளை (மின்சாரக் கேபிளின் முனைகளை) பாருங்கள். ஒரு தலை 150 வாட் கணக்கு, மதர்போர்டு ஸ்லாட் 75 வாட். என் கார்டுக்கு இரண்டு தலை வேண்டும். இரண்டும் செருகியிருந்தன, ஆனால் இரண்டுமே ஒரே கேபிளில் கிளை பிரிந்து வந்தவை. மொத்தச் சுமையும் ஒற்றை வயர்க் கட்டு வழியாகப் போய்க்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகச் செருகியிருப்பதுபோலத்தான் தெரியும், அதனால்தான் கடையிலும் கண்ணில் படவில்லை. எஸ்எம்பிஎஸிலிருந்து இன்னொரு கேபிள் எடுத்து, தலைக்கு ஒரு கேபிள் என்று செருகி, பவர் லிமிட்டை 100க்கே கொண்டுபோனேன். அன்றிலிருந்து ஒருமுறையும் அணையவில்லை. குறைந்த வாட் கார்டுக்கு ஒரே கேபிள் போதும்; 225 வாட்டைத் தாண்டினால் நான் தனித்தனியாகத்தான் போடுவேன்.

இந்த இடத்தில் கெஞ்சிக் கேட்கிறேன்: கேபிள் தேவைப்பட்டால் நண்பரின் வேறு எஸ்எம்பிஎஸிலிருந்து எடுத்துப் போடாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கம் செருகும் முனைக்குப் பொது விதி கிடையாது. அளவு பொருந்தும், உள்ளே பின் வரிசை மாறியிருக்கும். கார்டோ ஹார்ட் டிஸ்க்கோ எரிந்துபோகும்.

பின்சேர்க்கை 1: இதைப் படித்த ஒருவர், தனித்தனிக் கேபிள் போட்டும் அணைகிறது என்று எழுதியிருந்தார். மானிட்டரும் சேர்ந்து அணைகிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அப்படியானால் யுபிஎஸ். வீட்டுக்கு வாங்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். பின்னால் ஒட்டிய லேபிளில் இருக்கும். 320 வாட் கார்டோடு பிராசஸரும் மானிட்டரும் சேர்ந்தால் அது தாங்காது. நேராகச் சுவர் பிளக்கில் போட்டதும் அவருக்குச் சரியானது. மானிட்டர் உயிரோடு இருந்து 'நோ சிக்னல்' காட்டினால் யுபிஎஸை விட்டுவிடலாம்.

பின்சேர்க்கை 2: 13, 14ஆம் தலைமுறை இன்டெல் ஐ7, ஐ9 டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள், கேம் திறக்கும்போதே வீடியோ மெமரி போதவில்லை என்று பிழை வந்தால் கார்டை மாற்ற ஓடாதீர்கள். அந்தப் பிராசஸர்களில் தேவைக்கு மேல் மின்னழுத்தம் போய் நிலைகுலையும் சிக்கல் இருந்ததை இன்டெலே ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்டிலிருந்து மைக்ரோகோட் (பிராசஸருக்குள் ஓடும் நிரல்) திருத்தங்களை வெளியிட்டது. மதர்போர்டின் புதிய பயாஸில் அது வரும். ஏற்கெனவே பாதிக்கப்பட்ட சிப்பை அந்தத் திருத்தம் குணமாக்காது. வாரன்டியை இன்டெல் இரண்டு ஆண்டு நீட்டித்திருக்கிறது, பில்லைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.