உங்க மாவட்டத்து பிரசவக் கணக்கை எப்படி படிக்கிறது? ‘நூத்துக்கு’ன்னா எந்த நூறுன்னு முதல்ல பாருங்க

தேசிய குடும்ப நல சர்வே, என்.எஃப்.எச்.எஸ்னு சொல்வாங்களே, அதுல மாவட்ட வாரியா ஃபேக்ட் ஷீட் ஃப்ரீயாவே கிடைக்குது. 2019-21ல நடந்த அஞ்சாவது ரவுண்டோட ஷீட்டை டவுன்லோட் பண்ணிக்கோங்க, மொத்தம் 104 வரி இருக்கும், பயப்பட வேண்டாம், பிரசவம் சம்பந்தப்பட்டது அதுல கொஞ்சம்தான்.

மாவட்டத்து பேர்லயே ஒரு சிக்கல் இருக்கு. 2017 மார்ச்ல இருந்த மாவட்டங்களை வச்சுத்தான் அந்த சர்வே எடுத்தாங்க, அதனால தென்காசிக்காரங்க திருநெல்வேலி ஷீட்டைத்தான் பாக்கணும், மயிலாடுதுறைன்னா நாகப்பட்டினம்.

இப்ப சிசேரியன் வரிக்கு வாங்க. தமிழ்நாட்டு ஷீட்ல மொத்தம் 44.9 சதவீதம், பிரைவேட்ல 63.8, கவர்மென்ட்ல 36.0னு இருக்கும். கடைசி ரெண்டையும் கூட்டினா கிட்டத்தட்ட 100 வருது பாருங்க, உடனே “நடக்குற சிசேரியன்ல 64 சதவீதம் பிரைவேட்லதான்”னு தோணும். அது தப்பு. பிரைவேட்ல பிறந்த நூறு குழந்தைல 64ன்னுதான் அதுக்கு அர்த்தம், கவர்மென்ட் நம்பருக்கு நூறு வேற. ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க: தமிழ்நாட்டுல நூறு பிரசவம்னா சுமார் 67 கவர்மென்ட்ல, 33 பிரைவேட்ல. 67ல 36 சதவீதம்னா 24, 33ல 64 சதவீதம்னா 21. ஆக 45 சிசேரியன்ல பாதிக்கு மேல கவர்மென்ட் ஆஸ்பத்திரில நடந்திருக்கு! பிரைவேட்ல விகிதம் ரொம்ப அதிகங்கிறதும் உண்மைதான், ஆனா ரெண்டும் வேற வேற கேள்வி. அதுல எத்தனை தேவைப்பட்டு பண்ணது, எத்தனை தேவையில்லாம பண்ணதுங்கிறதை இந்த ஷீட் சொல்லாது, அதை யாரும் இதுல இருந்து இழுத்து எடுக்காதீங்க ப்ளீஸ்.

சில நம்பர் அடைப்புக்குறிக்குள்ள இருக்கும், அப்படின்னா 25லருந்து 49 பேரை மட்டும் வச்சு சொன்னது. ஸ்டார் மட்டும் இருந்தா 25 பேர்கூட இல்லன்னு அர்த்தம். ஒரு மாவட்டத்துல சர்வே அன்னிக்கு கர்ப்பமா இருந்தவங்க கொஞ்ச பேர்தான் கிடைப்பாங்க, அதனால கர்ப்பிணிகளோட ரத்தசோகை வரில இதெல்லாம் வர வாய்ப்பு அதிகம், அந்த நம்பரை வச்சு பக்கத்து மாவட்டத்தோட சண்டைக்குப் போகாதீங்க.

தாய் இறப்பு விகிதம் இந்த ஷீட்ல கிடைக்காது, அது எஸ்.ஆர்.எஸ்ல, அதாவது பிறப்பு-இறப்பை சாம்பிள் எடுத்துக் கணக்கு போடுற அரசோட மாதிரிப் பதிவுத் திட்டத்துல வருது. 2018-20ல தமிழ்நாடு 54, இந்தியா 97. இது லட்சம் பெண்களுக்கு இல்ல, உயிரோட பிறந்த லட்சம் குழந்தைகளுக்கு. சாம்பிள்ல இறப்பு ரொம்பக் கம்மியா வர்றதால மூணு வருஷத்தை சேர்த்துத்தான் கணக்கு போடுறாங்க, அதனால மாவட்டத்துக்குன்னு தனி நம்பர் அதுல தேடாதீங்க.

மாவட்டத்து எண்ணிக்கை வேணும்னா ஆஸ்பத்திரிங்க மாசாமாசம் ஏத்துற எச்.எம்.ஐ.எஸ்ங்கிற அரசோட ஆன்லைன் பதிவு இருக்கு. ஆனா அதுல அம்மாவோட சொந்த ஊர் எதுன்னு பாக்க மாட்டாங்க, எந்த ஆஸ்பத்திரில நடந்துச்சோ அங்கதான் பதிவாகும். நிலைமை மோசமான அம்மாக்களை சுத்துப்பட்டு ஊர்ல இருந்தெல்லாம் மெடிக்கல் காலேஜுக்குத்தான் அனுப்புறாங்க, அங்க இறப்பு அதிகமா தெரிஞ்சா அந்த ஆஸ்பத்திரி மேல பழி போடுறதுக்கு முன்னாடி அவங்க எங்கிருந்து, எவ்வளவு லேட்டா வந்தாங்கன்னு கேளுங்க.